ஹார்ட்விக் மாளிகை

இங்கிலாந்து தேசத்து டார்பிஷயரில், குன்றின்மேல் நிற்கும் ஹார்ட்விக் மாளிகையை யாம் படங்களிலேயே கண்டுள்ளோம். நான்கு கணவரையும் இழந்த எலிசபெத் அம்மையார் 1590-ல் அதனைக் கட்டத் தொடங்கி, 1597-ல், எழுபதைத் தாண்டிய முதுமையிற் குடிபுகுந்தார். வகுத்தவர் இராபர்ட் ஸ்மித்சன் என்பர். கண்ணாடி அரிதாயிருந்த அக்காலத்தில், சுவரினும் சாளரமே மிகுதியெனத் தோன்றுகின்றது. நிலை உயர உயரச் சாளரமும் உயரும். விருந்தினர் மண்டபம் உச்சி நிலையிலேயே உளது. சில சாளரங்களோ வெறும் வேடம், பின்னே புகைபோக்கி! அக்குளிர் நாட்டிற்கு இத்தனை கண்ணாடி தகுமோவென்பது எம் ஐயம். ஆறு கோபுரத்தின் உச்சியிலும் 'இ', 'எஸ்' என்னும் கல்லெழுத்துக்கள் வான்நோக்கி நிற்கின்றன. முன்னது அவரது பெயர். பின்னது நான்காங் கணவரின் சுரூஸ்பரிப் பட்டம். மரபினர் சாட்ஸ்வொர்த் மாளிகையையே விரும்பியமையால், ஹார்ட்விக் பெரிதும் புதுக்கப்படாது தப்பிற்று. பின்னர் மரணவரியின்பொருட்டுக் கைமாறி, 1959 முதல் நேஷனல் டிரஸ்ட்டின் காவலில் உள்ளது.