மஞ்சளா பூத்ததெல்லாம் கொன்னை இல்ல

சித்திரை பொறந்தாச்சு. எங்க குடியாத்தம் வெயிலைப் பத்தி தனியா சொல்ல வேணாம். கவுண்டன்யா ஆத்துல தண்ணி இல்ல, கிணத்துல அடிமட்டம், வயல்ல வேலையும் கம்மி. இந்த மாசத்துல கண்ணுக்குக் குளுமையா இருக்கிறது நாலு மரம்தான். புங்கன் புதுத்தழை விட்டு நிக்குது. வேப்பம்பூ வாசம் வருது. மலையடிவாரத்துல கொன்னை மரம் இலையெல்லாம் கொட்டிட்டு, சரம் சரமா மஞ்சளா தொங்குது. புத்தகத்துல சரக்கொன்றைன்னு எழுதுவாங்க. எங்க வாயில அது கொன்னைதான்.

இந்தக் கொன்னை விஷயத்துல நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன். எங்க ஊருக்கே தெரிஞ்ச தப்பு. உங்களுக்கும் தெரியட்டும், டவுன்ல மரம் வைக்கிறவங்க யாருக்காவது உதவும்.

2015 ஆடி மாசம். வெளியூர்ல ஒரு நாற்றுப்பண்ணைக்கு மாங்கன்னு வாங்கப் போயிருந்தேன். அங்க ஒரு வரிசை கன்னு, முழங்கால் உயரம், தளதளன்னு இருந்துச்சு. "இது கொன்றைங்க, மூணு வருஷத்துல பூத்துடும்"னு சொன்னாங்க. எங்க ஊர் ஈஸ்வரன் கோயில் குட்டைக்கரையில முன்ன ஒரு கொன்னை இருந்துச்சு. நான் பள்ளிக்கூடம் போற காலத்துல ஒரு புயல்ல சாஞ்சு போச்சு. சிவனுக்கு உகந்த பூ கொன்னை, அந்தக் கோயில்ல ஒரு மரம் இல்லையேன்னு எங்கம்மா ரொம்ப நாளா சொல்லிக்கினே இருப்பாங்க. சரின்னு 14 கன்னு வாங்கினேன். எட்டை என் வரப்போரம் வச்சேன். ஆறை குட்டைக்கரையில வச்சு, முள்ளு வேலி கட்டி, குடத்துல தண்ணி எடுத்து ஊத்தினேன்.

ஒரு கன்னு கூட சாகல. ஆடு மாடு வாய் வைக்கல. அப்பவே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும். ரெண்டே வருஷத்துல ஆள் உயரத்தைத் தாண்டிடுச்சு. "உன் கை ராசி கைடா மாப்ள"ன்னு ஊர்ல சொன்னாங்க. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

2018 புரட்டாசியில பூத்துச்சு. மரம் முழுக்க மஞ்சள். குருக்கள் ஒரு கொத்து பறிச்சு லிங்கத்து மேல வச்சாரு. அம்மாவுக்கு அப்பவே எம்பது வயசுக்கு மேல, கண்ணு சரியா தெரியாது. ஒரு கொத்து ஒடிச்சுட்டு வந்து, "இந்தாம்மா, நம்ம கோயில் கொன்னை"ன்னு கையில குடுத்தேன்.

அம்மா தடவிப் பார்த்தாங்க. பூவை அதிக நேரம் பார்க்கல. காம்பைத் தடவினாங்க, இலையைத் தடவினாங்க.

"இது இன்னா மாசம்?"

"புரட்டாசிம்மா."

"புரட்டாசில கொன்னை இப்டியா பூக்கும்? கொத்து மேல பார்த்து நிக்குது. இலை சின்னதா கீது, அடியில சொணை கீது. டேய், இது கொன்னை இல்லடா. காய் வந்தா எடுத்தா, பார்க்கலாம்."

எனக்குக் கோவம் வந்துடுச்சு. வயசான காலத்துல எதையாவது சொல்லுவாங்கன்னு எழுந்து போயிட்டேன்.

அம்மா ஏன் அவ்ளோ உறுதியா சொன்னாங்கன்னு உங்களுக்குச் சொல்லணும். எங்க பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு எல்லாம் தோல் ஊரு. இப்ப குரோம் உப்பு போட்டு பதப்படுத்துறாங்க. முன்ன எல்லாம் மரப்பட்டைதான். முக்கியமா ஆவாரம்பட்டை. கொன்னம்பட்டையும் போடுவாங்க. மலையில இருந்து கடுக்காய் வரும். எங்க நைனாவும் அம்மாவும் விவசாயம் இல்லாத மாசத்துல ஆவாரங்குச்சி வெட்டி, கட்டையால தட்டி, பட்டை உரிச்சு, காய வச்சு, கட்டு கட்டி பேரணாம்பட்டுக்கு வண்டி ஏத்துவாங்க. ஆவாரை, கொன்னை எல்லாம் ஒரே குடும்பம், பூவும் ஒரே சாயல்ல இருக்கும். கட்டுல வேற பட்டை ஒண்ணு கலந்திருந்தா தோல் ஷாப்புல கண்டுபிடிச்சு கட்டையே திருப்பி விட்டுடுவாங்க. அன்னைக்குக் கூலி போச்சு. அதனால அவங்களுக்கு மரம் தெரியும். இலை, பட்டை, காய், வாசனை எல்லாம் வச்சு தெரியும். சோறு அதுல இருந்துச்சு. எனக்கு பத்தாங்கிளாஸ் படிப்பு இருந்துச்சு, மரம் தெரியல.

மாசி மாசம் காய் முத்துச்சு. எடுத்துட்டுப் போய் அம்மா கையில வச்சேன். விரல் தடிமன், ஒரு அடி நீளம் கூட இல்ல. அம்மா அழுத்தினதும் பிளந்து, தட்டையான விதையா மடியில கொட்டிச்சு.

கொன்னங்காய் எப்படி இருக்கும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். ஒண்ணரை அடி, ரெண்டு அடி நீளத்துல கருப்புத் தடி மாதிரி தொங்கும். காத்துல ஆடினா கடகடன்னு சத்தம் வரும். தானா வெடிக்காது. உடைச்சாதான் உண்டு. உள்ள அறை அறையா தடுப்பு இருக்கும், ஒவ்வொரு அறையிலயும் ஒரு விதை, கருப்பா இனிப்பா பிசுபிசுன்னு சதை. வயித்துக்கு மருந்தா குடுப்பாங்க. குரங்கு, நரி, கரடி அந்தச் சதைக்காக உடைச்சுத் தின்னு விதையை அங்கங்க போடும். அப்படித்தான் கொன்னை காட்டுல பரவும், மெதுவா.

நான் வச்சதுக்கு யாரும் தேவையில்ல. காய் வெடிச்சா போதும். அந்த வருஷம் மழை பெஞ்சதும் குட்டைக்கரை முழுக்க நாத்து விட்ட மாதிரி முளைச்சுது. வரப்புல இருந்து பக்கத்து நிலத்துக்கும் இறங்கிடுச்சு. மரத்தடியில வேற புல்லு பூண்டு முளைக்கிறது குறைஞ்சு போச்சு. குட்டைக்கரையில ஆடு மேய்க்கிற ஆயா ஒருத்தங்க, "இன்னா மரம்பா வச்ச, என் ஆட்டுக்கு ஒரு வாய் இல்ல"ன்னு கேட்டாங்க.

கூடலூர்ல என் மச்சான் ஒருத்தர் இருக்காரு. போட்டோ அனுப்பினேன். உடனே போன் பண்ணாரு. "மாமா, இது எங்க ஊரு மஞ்சக்கொன்னை. முதுமலை, மசினகுடி பக்கம் வந்து பாருங்க, காட்டுக்குள்ள எங்க பார்த்தாலும் இதுதான்"ன்னாரு. தென்னமெரிக்கா பக்கத்து மரம். சென்னா ஸ்பெக்டாபிலிஸ்னு பேர். அழகுக்கும் நிழலுக்கும் கொண்டாந்து வச்சது காட்டுக்குள்ள போயிடுச்சு. வயநாட்டுல விஷுவுக்கு வைக்கிற கணிக்கொன்னைன்னு தப்பா நினைச்சு இதை நட்டிருக்காங்க, இப்ப அங்க இதுக்கு ராட்சசக்கொன்னைன்னு பேர். மான் திங்காது, யானை திங்காது. நம்ம தமிழ்நாட்டுல இந்த மாதிரி அயல் மரங்களை எடுக்கறதுக்கு 2022-ல அரசு ஒரு கொள்கையே கொண்டு வந்துச்சு. காட்டுல வெட்டின மஞ்சக்கொன்னையை டி.என்.பி.எல். ஆலைக்குக் காகிதக் கூழுக்கு அனுப்புறாங்க.

எங்க ஊர்ல எடுக்கறது அவ்ளோ சுலபமா இல்ல. கோயில் மரம், பூக்குற மரம், அதை வெட்டுவியான்னு கேட்டாங்க. "நீதான வச்ச, உனக்குத்தான தெரியும்னு நம்பினோம்"னு மாமா முறை ஆகுற பெரியவர் ஒருத்தர் கேட்டாரு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. எங்க வீட்டுல அவங்களும், "ஏங்க, பூதானங்க, இருந்துட்டுப் போகட்டுமே"ன்னாங்க. கடைசியில நான் ஒரு முறத்துல மஞ்சக்கொன்னைக் காயும், மலையடிவாரத்துல பொறுக்கின கொன்னங்காயும் வச்சு கோயில் திண்ணையில வச்சேன். ரெண்டையும் உடைச்சுக் காட்டினேன். குருக்கள்தான் முதல்ல புரிஞ்சுகிட்டாரு. "ஒரு வருஷமா தப்புப் பூ வச்சுட்டேனே"ன்னு சிரிச்சாரு. அவர் சிரிச்சதால மத்தவங்களும் விட்டுட்டாங்க.

அடுத்த தப்பு, நான் கோடாலியால முழங்கால் உயரத்துல வெட்டினது. ரெண்டு மாசத்துல ஒவ்வொரு கட்டையிலயும் பத்து பன்னெண்டு கிளை கிளம்பிடுச்சு. வெட்ட வெட்ட புதராகும். அம்மாதான் சொன்னாங்க, "வெட்டாதடா, உரி." வரப்புல வெட்டாம விட்டிருந்த அஞ்சு மரத்துல, நெஞ்சு உயரத்துல இருந்து வேர் வரைக்கும் சுத்திலும் பட்டையை ஒரு நூல் கூட விடாம உரிச்சேன். அம்மா கயித்துக்கட்டில்ல உக்காந்து, தட்டுற சத்தத்தைக் கேட்டே "அங்க ஒட்டிக்கினு கீது, மறுபடி தட்டு"ன்னாங்க. மரம் நின்ன நெலையில மெதுவா காஞ்சுது. வெட்டின கட்டைங்களை வேரோட தோண்டினோம். சின்னதை எல்லாம் மழை ஈரத்துல கையால பிடுங்கினோம். இப்பவும் வருஷா வருஷம் பிடுங்குறேன். முன்ன கொட்டின விதை இன்னும் மண்ணுல இருக்கு.

பட்டைன்னதும் இன்னொண்ணு சொல்லணும். வாட்டில் பட்டைன்னு ஒண்ணு தோல் ஷாப்புங்களுக்கு வந்துச்சு. ஆஸ்திரேலியா மரம், தென்னாப்பிரிக்காவுல தோட்டம் போட்டு கப்பல்ல வந்த பட்டை. நம்ம நீலகிரி, கொடைக்கானல் மலையிலயும் அந்த மரத்தை வச்சாங்க. அது நட்ட இடத்தோட நிக்காம மலைப் புல்வெளியை மூடிடுச்சு. நம்ம ஊர் தோலுக்கும் அந்த மலைக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கு. அதுவும் மஞ்சளாத்தான் பூக்குது.

மரம் தெரியாம இருக்கிறதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. 2017-ல சீமைக்கருவேலத்தை எடுக்கச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்ட சமயம், ஊரெல்லாம் ஜே.சி.பி. ஓடுச்சு. எங்க பக்கம் அதை வேலிகாத்தான்னு சொல்லுவோம். நல்ல வேலைதான். ஆனா ஒரு ஏரிக்கரையில அதோட சேர்ந்து ஒரு வன்னி மரமும் போனதை நான் பார்த்தேன். ரெண்டுக்கும் பொடி இலை, முள்ளு, மஞ்சள் பூங்கதிர். வண்டி ஓட்டின பையனுக்கு என்ன தெரியும்? வேலிகாத்தானுக்கு இலைக்காம்பு கிளம்புற கணுவுல முள்ளு இருக்கும். வன்னிக்குக் கணுவுக்கு நடுவுல, கிளை மேல அங்கங்க சின்ன முள்ளா இருக்கும். அதைச் சொல்ல அன்னைக்கு அங்க யாரும் இல்ல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள வேர் மேல வந்துடுச்சு.

உங்க தெருவுல மஞ்சளா ஒரு மரம் பூத்திருந்தா இப்படிப் பாருங்க. கொத்து கீழ தொங்குதா, மேல நிக்குதா? கொன்னை தொங்கும். இலையை எண்ணுங்க. கொன்னைக்கு ஒரு காம்புல நாலுல இருந்து எட்டு ஜோடி, ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலத்துக்குப் பெருசா, வழவழன்னு இருக்கும். மஞ்சக்கொன்னைக்குப் பத்து பன்னெண்டு ஜோடிக்கு மேல கூட வரும், ஒடுங்கி, நுனி கூர்மையா இருக்கும். சித்திரையில இலை உதிர்த்துட்டு பூக்குதா, இல்ல பச்சை இலையோட புரட்டாசி ஐப்பசியில பூக்குதான்னு பாருங்க. ஒண்ணை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, காயையும் பாருங்க. துரு நிறத்துல தட்டையா கேடயம் மாதிரி காய் இருந்தா அது பெருங்கொன்றை, அது வேற மரம், கோடாலி எடுத்துடாதீங்க.

2020-ல கொன்னங்காய் உடைச்சு, விதையைக் கல்லுல தேய்ச்சு, ஒரு ராத்திரி தண்ணியில ஊற வச்சுப் போட்டேன். 40 விதை போட்டதுல 11 முளைச்சுது. அஞ்சு கன்னு குட்டைக்கரையில இருக்கு. மஞ்சக்கொன்னை மூணு வருஷத்துல பூத்துச்சு, இது இன்னும் பூக்கல. இந்தப் பங்குனியில மூணு மரம் இலையை முழுசா கொட்டிடுச்சு. நேத்து சாயங்காலம் அம்மா கேட்டாங்க, "கொம்புல ஏதாவது தொங்குதா பாருடா."

காலையில போய்ப் பார்த்தேன். ஒரு மரத்துல, கீழ்க்கிளையில, விரல் நீளத்துக்குப் பச்சையா ஒரு சரம் இறங்கியிருக்கு. பூவா, வெறும் தளிரான்னு எனக்குச் சரியா தெரியல. நாளைக்கு அந்தக் கிளையை வளைச்சு அம்மா தடவிப் பார்க்கட்டும்னு ஆட்டோ சொல்லியிருக்கேன்.