மூன்று நாள், ஒரு ஏரிக்கரை, நான் மட்டும்

"தனியாவோ? ஏன், அவரோட ஏதும் பிரச்சினையோ?"

மூன்று நாள் லீவில் தனியப் போய் இருக்கப் போறன் என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். பிரச்சினை ஒன்றும் இல்லை. வேலையில் ஒரு பெரிய ரிலீஸ் அப்போதுதான் முடிந்திருந்தது. இவர் பிள்ளைகளோடு மொன்றியலில் இருக்கும் மச்சாள் வீட்டுக்கு வெள்ளி முதல் ஞாயிறு வரை போவதாக ஏற்பாடு. "நீ எங்கையாவது போய் நிம்மதியா நித்திரை கொள்ளு" என்று அவரே சொன்னார். கல்யாணம் கட்டிப் பதினொரு வருசத்தில் நான் தனியாகப் போய்த் தங்கியது எல்லாம் வேலை விசயமாகத்தான்.

முதலில் மயாமி, கான்கூன் என்று தேடினேன். ஜூலை மாத டிக்கெட் விலையைப் பார்த்ததும் லாப்டொப்பை மூடிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். மூன்று வயதில் வந்ததில் இருந்து ஏரிக்கரை நகரம் ஒன்றில்தான் இருக்கிறேன். வெயில் இருக்கு, மணல் இருக்கு, அலையும் இருக்கு. ஸ்காபரோவில் இருந்து ஒரு மணித்தியாலம் கூட இல்லை. ஆனால் நாங்கள் அங்கே போவது பார்பிகியூவுக்கு. இருபது பேர், மூன்று கூலர், ஒரு பெரிய சட்டி புரியாணி. தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோம்.

குயீன் வீதியின் கிழக்குப் பக்கம், கடற்கரை என்றே எல்லோரும் சொல்லும் 'பீச்சஸ்' பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையை இரண்டு இரவுக்கு எடுத்தேன். காரை வீட்டிலேயே விட்டுவிட்டு 501 ஸ்ட்ரீட்காரில் போனேன். கோடையில் அங்கே பார்க்கிங் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

மகன் இந்த வருசம் கிரேட் 4. பள்ளிக்கூடத்தில் இருந்து 'சுவிம் டு சர்வைவ்' என்று ஒரு படிவம் வந்தது. போட்டி நீச்சல் இல்லை, தவறித் தண்ணீரில் விழுந்தால் உயிர் தப்பப் பழக்குவது. மூன்றே விசயம்: ஆழமான தண்ணீருக்குள் உருண்டு விழுந்து மேலே வர வேண்டும், ஒரு நிமிடம் மிதக்க வேண்டும், 50 மீட்டர் நீந்த வேண்டும். படிவத்தைக் கண்டதும் அம்மா, "வேண்டாம் பிள்ளை, தண்ணியில விளையாட்டு வேண்டாம்" என்றா. எனக்கும் நீந்தத் தெரியாது, எனக்கும் பயம். 'சம்மதமில்லை' என்ற பெட்டியில் புள்ளடி போட்டு அனுப்பினேன். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் நீச்சல் தடாகத்துக்குப் போன நாட்களில் அவன் லைப்ரரியில் இருந்து புத்தகம் வாசித்தான். கோபப்படவில்லை. "பரவாயில்லை அம்மா, உங்களுக்கும் தெரியாதுதானே" என்று மட்டும் சொன்னான். அது எனக்குள் கிடந்து குடைந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வூட்பைன் பீச்சில் இருந்து கிழக்கே நடந்தேன். மரப்பலகை நடைபாதை கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் போகிறது. வழியில் 1920இல் கட்டிய வெள்ளை நிற லியூட்டி லைஃப்கார்ட் நிலையம் இன்னும் நிற்கிறது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றேன். இளஞ்சூடு. உப்பு மணம் இல்லாத கடற்கரை. "அம்மா, பசிக்குது" என்று யாரும் கூப்பிடவில்லை. முதல் அரை மணித்தியாலம் கையைக் காலை என்ன செய்வது என்றே தெரியவில்லை. நாலு தரம் ஃபோனைப் பார்த்தேன். பிறகு பையில் போட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலை அதே இடத்தில் காலை வைத்தால் ஐஸ் தண்ணீர்! ஒரே இரவில் எப்படி என்று லைஃப்கார்ட் பெட்டையிடம் கேட்டேன். காற்று மாறி, மேலே இருந்த சூடான தண்ணீரை நடு ஏரிக்குத் தள்ளிவிட்டதாம். அதற்குப் பதிலாக அடியில் இருந்த குளிர்ந்த தண்ணீர் கரைக்கு வந்துவிட்டது. ஒன்ராறியோ ஏரியின் மிக ஆழமான இடம் 244 மீட்டர், அடியில் குளிருக்குக் குறைவில்லை. "வெயிலைப் பார்த்துப் பாய வேண்டாம், முதலில் காலை வைத்துப் பாருங்கள்" என்றாள். பெருமழை பெய்தால் ஒன்றிரண்டு நாள் இறங்காமல் விடுவது நல்லது என்றும் சொன்னாள். பழைய நகரப் பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுவதால், மழை கூடினால் அது ஏரிக்குள் வழிந்துவிடும். கோடையில் நகரசபை ஒவ்வொரு நாளும் தண்ணீரைச் சோதிக்கிறது. 100 மில்லிலீட்டரில் ஈ-கோலை 100க்கு மேல் போனால் குளிக்க வேண்டாம் என்று இணையத்தில் போட்டுவிடுவார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் புறப்படும் முன் அதை ஒருக்கால் பாருங்கள்.

எனக்கு இது புதிதாக இருந்தது. தண்ணீர் என்றால் பயம் என்று மட்டுமே வளர்ந்தவளுக்கு, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று யாரும் பிரித்துச் சொன்னதில்லை.

மத்தியானம் பே வீதியின் அடியில் இருந்து ஃபெரியில் வார்ட்ஸ் ஐலண்ட் போனேன். பதினைந்து நிமிடப் பயணம். இந்தத் தீவுகள் ஒரு காலத்தில் நிலத்தோடு ஒட்டிய மணல்திட்டு. 1858இல் ஒரு புயல் அதை வெட்டித் தனியாக்கிவிட்டது. தீவின் மறுபக்கக் கரையில் ஒரு மரத்துக்குக் கீழே, கொண்டு போன புளிச்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணித்தியாலம் நித்திரை. அவ்வளவுதான் அன்றைய சாதனை.

ஞாயிறு விடிய, கிழக்கு அந்தத்தில் இருக்கும் ஆர். சி. ஹாரிஸ் நீர் சுத்திகரிப்பு நிலையம் வரை நடந்தேன். மாளிகை போல இருக்கும் இது 1941இல் திறக்கப்பட்டது. இலங்கையில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி 1987இல் எழுதிய நாவலில் இதைக் கட்டிய தொழிலாளர்கள் வருவார்கள். எங்கட வீட்டுக் குழாயில் வருவதும் இந்த ஏரித் தண்ணீர்தான். முப்பது வருசத்துக்கு மேலாகக் குடிக்கிறோம், இறங்கத்தான் பயம்.

புல்வெளியில் இருந்து அம்மாவுக்கு எடுத்தேன். எங்கே இருக்கிறேன் என்று இப்போதுதான் சொன்னேன். வழக்கமான ஏச்சு வரும் என்று பார்த்தேன்.

"தண்ணி குளிரோ?" என்று கேட்டா.

"நேற்று ஐஸ் மாதிரி. இண்டைக்குப் பரவாயில்லை."

"கீரிமலைத் தண்ணியும் காலமை குளிராத்தான் இருக்கும்."

"அம்மா, நீங்கள் கீரிமலையில குளிச்சனீங்களோ?"

"குளிச்சதோ? பொம்பிளையளின்ர கேணியில நான் இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு நீந்துவன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. முப்பத்தைந்து வருசத்துக்கு மேலாக இவவின் பிள்ளை, இவவுக்கு நீந்தத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. 1990இல் அந்தப் பகுதிச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்ததும், பிறகு அது உயர் பாதுகாப்பு வலயமாகிப் போனதும் தெரியும். 2004 சுனாமியில் முல்லைத்தீவில் அம்மாவின் சித்தப்பா மகள் பிள்ளைகளோடு போனதும் தெரியும். அந்த டிசம்பர் கடைசி நாட்கள் முழுக்க அம்மா ரீவிக்கு முன்னால் இருந்து எழும்பவே இல்லை. அம்மாவின் பயம் அம்மாவோடு கூடப் பிறந்தது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்தது பயம் மட்டும். கேணி கிடைக்கவில்லை.

"பிறகு ஏன் எங்களைப் பழக்கேல்லை?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "ஆர் பழக்கிறது பிள்ளை? கொப்பா இரண்டு வேலை. நான் இரவு வேலை," என்றா.

அன்றைக்கு இடுப்பளவு தண்ணீர் வரை போனேன், லைஃப்கார்ட் கண்ணுக்கு முன்னால். இரண்டு தரம் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையை நனைத்தேன். பின்னேரம் ஸ்ட்ரீட்காரில் வரும்போது தலைமயிர் எல்லாம் மணல்.

திங்கட்கிழமை நகரசபை நீச்சல் வகுப்புக்குப் பதியப் போனால், பெரியாக்கள் வகுப்பில் காத்திருப்புப் பட்டியலில் எனக்கு ஒன்பதாம் இடம். மகனுக்கு இடம் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிய அம்மாதான் அவனைக் கூட்டிக்கொண்டு போறா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் துவாயை மடியில் வைத்துக்கொண்டு இருந்து, அவன் காலை அடிக்கிற விதம் சரியில்லை என்று வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லுறா.