கிணற்றடியில் ஓர் எண்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் பாயும் ஆறு ஒன்றேனும் இல்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி, அடர்த்தி மிக்க உவர்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கின்றது. அந் நன்னீர் கடல்மட்டத்துக்குமேல் ஓர் அடி நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் உண்டென்பது நீரியலார் கணக்கு. துலா இறைத்த காலத்தில் ஆறுதலளித்த இக் கணக்கே, மோட்டர் இறைக்கும் காலத்தில் அச்சந் தருவதாகும். மேலே குறையும் ஒவ்வோர் அடிக்கும் கீழே உவர் 40 அடி ஏற இடமுண்டன்றோ?

இவ்வச்சமே கொக்குவிலில் ஒரு வீட்டுப் பேத்தியைக் கிணற்றடியில் கருவியொன்று அமைக்கத் தூண்டியது. 2005 இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்க்கென உருவான ஆர்டுயினோப் பலகை ஒன்று. வரிக்கு 16 எழுத்தாக இரு வரி காட்டும் திரவப் பளிங்குத் திரை ஒன்று. நீரில் அமிழ்த்தும் மின்வாய்கள் இரண்டு. திரைக்கு நான்கு தரவுக் கம்பிகளும் இரண்டு கட்டுப்பாட்டுக் கம்பிகளும் போதும். திரை ஒளிர்ந்தும் எழுத்துத் தோன்றாவிடின், முதலில் திருகிப் பார்க்கவேண்டியது 10 கிலோ ஓம் மாறுந்தடையையே. மின்வாய்களுக்கு நேரோட்டம் ஆகாது. அவற்றின் முகத்தில் வாயுவும் படிவும் சேர்ந்து அளவு பிறழும். ஆடலோட்டமே வேண்டும்.

பாட்டனார் அருகிருந்து பார்த்தார். 1990 இல் மின்சாரம் அற்றுப்போனபின் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறையினர் அவர். கம்பியின் மொழி அவருக்குப் புதிதன்று. “பிள்ளை, மழை விழுகிற இடத்திலை மூட்டை வெறுமனே விடாதை” என்றார். பேத்தி பற்றாசிட்ட மூட்டுகளுக்கு உறையிட்டாள்.

பலகை தரும் எண் 0 முதல் 1023 வரையிலான வெறுங் குறியே. 25 பாகை செல்சியசில் சென்ரிமீற்றருக்கு 1413 மைக்குரோசீமன் கடத்துதிறனுடைய நியமக் கரைசலில் மின்வாயை அமிழ்த்திச் சரிசெய்த பின்னரே அது பொருள் பெறும். வெப்பம் ஒரு பாகை ஏற, கடத்துதிறன் ஏறத்தாழ 2 வீதம் ஏறுமாதலின் அதனையுங் கழித்தல் வேண்டும்.

இறுதியில் திரையில் எண் தெளிந்தது, உவர் குறைவே. பாட்டனார் வீட்டினுள்ளே தொட்டிலை நோக்கியவராய், “அப்ப, குழந்தைக்குப் பால்மா கரைக்கலாமோ?” என வினவினார்.

“இது மொத்த உப்பைத்தான் சொல்லும் அப்பு. நைத்திரேற்றைப் பிரிச்சுச் சொல்லாது.”

வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட உரத்திலிருந்தும் மலகூடக் குழிகளிலிருந்தும் கசியும் நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, சுவையுமில்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராமை மிகலாகாதென்பது உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டல். அளவு மிகுந்தால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி உடல் நீலம்பாரிக்கக்கூடும். கொதிக்கவைத்தாலும் அது நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவே கூடும்.

கருவியின் பயன் இதனாற் குறைந்துவிடவில்லை. நாள்தோறும் ஒரே கிணற்றின் உவரேற்றத்தை எந்த நாவும் இத்துணை நுட்பமாய் நினைவில் வைத்திராது. ஆயினும் எதனை அளக்கிறோம் என்பதை அறிந்தவனுக்கே எண் துணையாகும். அறியாதவனுக்கு அது பொய்யான துணிவையே தரும். பேத்தி கழுவிய போத்தலொன்றில் கிணற்றுநீரை நிரப்பி, திகதி எழுதி ஒட்டி, ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசெல்ல எடுத்துவைத்தாள்.