கொதிக்கும் ஊற்றருகே நடக்கும்போது: பெண்ணாடத்து யாத்திரைக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

● கோடை வந்தால் பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் பக்கத்திலிருந்து வடக்கே யாத்திரை கிளம்புகிறவர்கள் உண்டு. வயதானவர்களே அதிகம், சிலர் பேரப்பிள்ளைகளையும் கூட்டிப்போகிறார்கள். குளிருக்குக் கம்பளி, மூச்சிரைப்புக்கு மாத்திரை எல்லாம் எடுத்து வைக்கிறோம். யமுனோத்திரியில் சூரிய குண்டம், பத்ரிநாத்தில் தப்த குண்டம், இமாசலத்தில் மணிகரண் என்று வழியில் இருக்கும் வெந்நீர் ஊற்றுகளைப் பற்றி மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

● தீர்த்தத்தைக் கண்டதும் காலை நனைத்து, தலையில் தெளித்துக்கொள்வது நம் வழக்கம். வெள்ளாற்றில் அது சரி. சூரிய குண்டத்தில் தண்ணீரின் சூடு ஏறக்குறைய 88 டிகிரி. அரிசியையும் உருளைக்கிழங்கையும் துணியில் முடிந்து இறக்கினால் வெந்து பிரசாதமாக வருகிறது. யமுனோத்திரி 3,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ஆக, குண்டத்தில் இருப்பது கிட்டத்தட்ட உலைநீர்.

● சூட்டுக் கணக்கு: 40 டிகிரி குளிக்க இதம். 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும். 70 டிகிரிக்கு ஒரு விநாடி போதும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தோல் மெல்லியது. இன்னும் சீக்கிரம் வெந்துவிடும். பார்வைக்கு எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான். ஆவி அதிகம் இல்லாததால் சூடு குறைவு என்று நினைக்கக் கூடாது.

● நம் பக்கத்திலும் பூமிக்குள் சூடு உண்டு. ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை ஏறும். இமயமலையில் மழைநீரும் பனிநீரும் பாறைப் பிளவு வழியே வெகு ஆழம் இறங்கி, சூடேறி, வேறொரு பிளவு வழியே வேகமாக மேலே வந்துவிடுகின்றன. ஆற வழியில்லாததால் கொதிக்கக் கொதிக்க வெளியே வருகின்றன.

● நீரைவிட நிலம் ஆபத்து. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் 10,000க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகளும் ஆவித்துளைகளும் சேற்றுக் குழிகளும் உள்ளன. பார்க்க வருகிறவர்களுக்கு மரப்பலகையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஓரத்து நிலம் களர் பூத்த வயல் போல வெளுத்து, காய்ந்து, கெட்டியாகத் தெரியும். அது ஊற்று கொண்டுவந்த தாதுப்பொருள் படிந்த மெல்லிய ஓடு, அடியில் கொதிநீர். அங்கே சூட்டுக் காயத்தால் இதுவரை 20 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். 1981-ல் ஊற்றில் பாய்ந்த நாயைக் காப்பாற்றக் குதித்தவரும் அவர்களில் ஒருவர்.

● இடம் தெரிந்தவருக்கும் விலக்கு இல்லை. கலிபோர்னியாவின் லாசன் எரிமலைப் பகுதியில் 1865-ல் கெண்டல் பம்பஸ் என்ற வழிகாட்டியின் கால் அதேபோன்ற மெல்லிய ஓட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. அந்தக் காலையே அவர் பிறகு இழந்தார். இன்று அங்கே பலகைப் பாதை இருக்கிறது. அந்த இடத்தின் பெயரே 'பம்பஸ் நரகம்'.

● பலகை மேல் நின்றாலும் காது திறந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 23 அன்று எல்லோஸ்டோனின் பிஸ்கட் பேசினில் ஓர் ஊற்று வெடித்துப் பாறையும் சேறும் பறந்தன. பாதையின் ஒரு பகுதி நொறுங்கியது. மக்கள் உடனே ஓடியதால் யாருக்கும் காயமில்லை. படம் எடுத்து முடிக்கட்டும் என்று நிற்கிற நேரம் அது அல்ல.

● நன்றாகச் செய்திருக்கும் இடம்: சிங்கப்பூரின் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா, 2020-ல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. 70 டிகிரி நீரைப் படிப்படியாக இறங்கும் தொட்டிகளில் ஆறவிட்டு, கால் நனைக்கத் தருகிறார்கள். திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு கிணறுகள்; இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கினான் என்பது ஐதிகம். இறந்தவர்களுக்கான சடங்குகளைத் தமிழர்கள் இன்றும் அங்கே செய்கிறார்கள். இறங்க வேண்டியதில்லை, வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும். முதலில் கையில் கொஞ்சம் விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

● குளிக்கக்கூடிய குண்டத்தில்: தலை முழுகாமல் கழுத்தளவோடு நிறுத்துவது நல்லது. வெதுவெதுப்பான நீரில் மூளையைத் தாக்கும் அமீபா இருக்கலாம். அது மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் நெடுநேரம் உட்காரக் கூடாது. சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

● நடக்கும்போது:
பிள்ளையின் விரலைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள்.
ஈரப் பலகையில் வழுக்காத செருப்பு வேண்டும். செருப்பைக் கழற்றும் இடத்தில் தரையின் சூட்டைக் கேட்டுவிட்டுக் கால் வையுங்கள்.
ஆவி கண்ணை மறைத்தால் நின்றுவிடுங்கள். காற்று திரும்பியதும் நடக்கலாம்.
செல்போனோ தொப்பியோ விழுந்தால் போகட்டும்.
அழுகிய முட்டை நாற்றம் தூக்கலாக இருந்து, தலை வலித்தால் அந்த இடத்தை விட்டு வாருங்கள். அந்த வாயு பள்ளத்தில் தேங்கும்.

● சுட்டுவிட்டால்: சாதாரணக் குளிர்நீரை 20 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மோதிரம், வளையல், கடிகாரத்தை உடனே கழற்ற வேண்டும். வீங்கினால் கழற்ற முடியாது. ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. பேனா மை, பற்பசை, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

● யாத்திரை ஏற்பாடு செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊற்று இருக்கும் ஊருக்குள் நுழையுமுன் பஸ்ஸை நிறுத்தி, இதையெல்லாம் எல்லோர் காதிலும் விழும்படி ஐந்து நிமிடம் சொல்லுங்கள். எந்தக் குண்டத்தில் குளிக்கலாம், எதைத் தூர நின்று கும்பிட வேண்டும் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். தொட்டால்தான் புண்ணியம் என்று எந்தச் சாமியும் கேட்கவில்லை.