தண்ணீர் பழகட்டும்

அம்பத்தூரில் இருப்பவருக்கு வண்ணமீன் வாங்குவது மிகச் சுலபம். பாடி, வில்லிவாக்கம் தாண்டினால் கொளத்தூர். கப்பி, மோலி, ஏஞ்சல், தங்கமீன் என்று அங்கே வளர்க்காத வகை குறைவு. பல பத்தாண்டுகளாக அந்தப் பகுதியின் குடிசைத் தொழிலே அதுதான். காலையில் ஆசைப்பட்டால் மாலையில் தொட்டி, கல், மோட்டார், மீன் எல்லாம் ஒரே ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிடும். புதுத் தொட்டி மீன்கள் ஒன்றிரண்டு வாரத்தில் செத்து மிதப்பதற்கும் பெரும்பாலும் இந்த அவசரமே காரணம்.

மகளுக்காக நான் தொட்டி வாங்கப் போன கடையில், மீன் வளர்த்தே வயதான ஒரு பெரியவர் தொட்டியைக் கொடுத்தார். மீனைத் தர மறுத்துவிட்டார். "மொதல்ல தொட்டிய ஓட விடு தம்பி. தண்ணி பழகட்டும். மீன் எங்க போயிடப் போவுது?" என்றார். வியாபாரத்தைத் தள்ளிப்போட்டு அவர் சொன்ன அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்பதை அடுத்து வந்த வாரங்களில்தான் புரிந்துகொண்டேன்.

மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. அதன் கழிவும் மிச்ச உணவும் அழுகி இன்னும் அமோனியாவைச் சேர்க்கின்றன. செம்பரம்பாக்கம் ஏரியிலோ பருத்திப்பட்டு ஏரியிலோ அது பெருநீரில் கரைந்துபோகும்; சேற்றிலும் பாசியிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்றுவிடும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியில் இருப்பதோ சுமார் 56 லிட்டர். கழுவிய கண்ணாடி, கழுவிய கல், புதுத் தண்ணீர். அமோனியாவைத் தின்ன அங்கே ஆளில்லை.

அந்த ஆளைக் குடியேற்றுவதைத்தான் மீன் வளர்ப்பவர்கள் 'டேங்க் சைக்கிள் பண்றது' என்கிறார்கள். ஒருவகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. தண்ணீர் மாற்றினால் குறையும். இந்தப் பாக்டீரியாக்களை 1890 வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டியவர் செர்கே வினோகிராட்ஸ்கி. அமோனியாவை நைட்ரேட் வரை தனியாகவே கொண்டுசெல்லும் பாக்டீரியா உண்டு என்று 2015இல் தெரியவந்தபோது, அது கிடைத்த இடங்களில் ஒன்று மீன் வளர்ப்புத் தொட்டிகளின் ஃபில்டர்.

மீனில்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டு அழுக விட்டேன். ஏர் பம்ப் இரவு பகலாக ஓடியது. "எப்பப்பா மீன் வரும்?" என்று மகள் கேட்பாள். "வெறும் தண்ணிக்கு எதுக்குடா கரன்ட்ட செலவு பண்ற?" என்பார் அம்மா. தண்ணீர் பால்போல் கலங்கி, தானாகவே தெளிந்தது. சோதனைக் குழாயில் 5 மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்து, பரிசோதனைச் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கி, 5 நிமிடம் காத்திருந்து நிறம் பார்ப்பேன். பச்சையாக இருந்த அமோனியாக் குழாய், அமோனியா தீரத் தீர, மெல்ல மஞ்சளுக்குத் திரும்பியது. அதே நாட்களில் வெளிர்நீலமாக இருந்த நைட்ரைட் குழாய், நைட்ரைட் ஏற ஏற, கத்தரிப்பூ நிறமாகி, அங்கேயே நின்றுவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன்: அப்போது என் நம்பிக்கை ஆட்டம் கண்டது. குழந்தை முகம் வாடுவதைப் பார்க்கும்போது, நாலு மீனைப் போட்டுவிட்டால்தான் என்ன என்று மனம் அடித்துக்கொண்டது.

கேன் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமே என்று வீட்டில் யோசனை வந்தது. பெரியவரிடம் கேட்டேன், போர் தண்ணீரே போதும் என்றார். காரணத்தைப் பிறகு படித்தேன். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற, பாக்டீரியா 7 கிராமுக்குச் சற்று மேல் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. நம் கடினமான போர் தண்ணீரில் அது நிறைய உண்டு. ஆர்ஓ கேன் தண்ணீரில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் அதே போர் தண்ணீருக்கு இன்னொரு முகம் உண்டு: காரத்தன்மை கூடிய தண்ணீரில் பிஎச்சும் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 உள்ள தண்ணீரில், அமோனியாவில் கடும் விஷமான பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் அது 7 சதவீதத்தைத் தாண்டும். சென்னை வெயில் பாக்டீரியாவை வேகமாக வளர்க்கும். முன்கூட்டி விட்ட மீனை அதைவிட வேகமாகக் கொல்லும். மெட்ரோ வாட்டர் என்றால் அதிலுள்ள குளோரின் பாக்டீரியாவையே அழிக்கும். ஆன்டி குளோரின் போடாமல் ஊற்றக் கூடாது.

முடிச்சை அவிழ்த்தது கொரட்டூர் நண்பர் ஒருவர். நோயில்லாமல் வருஷக்கணக்காக ஓடும் தன் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சை, அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான் இது. இந்தப் பாக்டீரியாக்கள் இரட்டிப்பாகவே பல மணி நேரம், சமயத்தில் ஒரு நாள்கூட, எடுத்துக்கொள்ளும். ஊரிலிருந்தே ஆளைக் கொண்டுவந்தால் அந்தக் காத்திருப்பு குறையும். நைட்ரைட் குழாய் சீக்கிரமே வெளிர்நீலத்துக்குத் திரும்பியது. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுச் சில கப்பிகளை விட்டோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, மீனுக்குப் போலவே அந்த ஸ்பாஞ்சிலுள்ள பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. சாப்பாட்டை நிறுத்திவிட்டு, மகளும் நானும் மாறிமாறிக் குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். மீன்கள் பிழைத்தன.

ஓர் உயிரை வீட்டுக்கு அழைப்பதற்கு முன் அது வாழ இடம் செய்து வைப்பது நம் கடமை. பிடிக்கவில்லை என்றால் வேறு குளத்துக்குப் போக மீனால் முடியாது. புதிதாகத் தொட்டி வாங்குபவர்களை நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: பரிசோதனை மருந்தையும் சேர்த்து வாங்குங்கள். 2 பிபிஎம் அமோனியாவை உங்கள் தொட்டி ஒரே நாளில் தின்று முடித்து, அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்ட வேண்டும். உறை ஸ்பாஞ்ச் கிடைக்காவிட்டால் அதற்கு 4 முதல் 6 வாரம் ஆகலாம். ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். முதலில் நாலைந்து சின்ன மீன்கள் போதும். பாக்டீரியா அந்தப் பாரத்துக்குப் பெருகிய பிறகு மற்றவை வரட்டும்.