சொல்லித்தருபவர் ஒருவர், சோதிப்பவர் இன்னொருவர்

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடிந்த மறுவாரமே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிடுவது தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் வெகுகாலம் எழுதாத சட்டமாக இருந்தது. ரிசல்ட் வரும்வரை பிள்ளை வீட்டில் சும்மா இருக்கக் கூடாது. நாளைக்கு ஒரு வேலைக்கு ஆகும். அப்படிக் கற்றவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பள்ளியோ கல்லூரியோ தட்டச்சு சொல்லித்தரவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சந்தில், மருந்துக்கடை மாடியில், ஒரு மாஸ்டர் சொல்லித்தந்தார். அரசு தேர்வு மட்டும் வைத்தது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இன்றும் அதை வைத்துவருகிறது. இளநிலைக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, முதுநிலைக்கு 45. ஊர்ப் பேச்சில் லோயர், ஹையர். குரூப் 4 வழியாகத் தட்டச்சர் பணிக்குப் போகிறவர்கள் இந்தச் சான்றிதழைக் காட்டியாக வேண்டும்.

கற்பிப்பவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர், நடுவில் கற்பிப்பவர்களின் சங்கம். இந்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. திறன் பயிற்சி என்ற பெயரில் கோடிகள் செலவாகும் இந்தக் காலத்தில் இதை ஒருமுறை நிதானமாக உற்றுப் பார்ப்பது நல்லது.

நான் கற்ற இன்ஸ்டிட்யூட் காவிரிக்கரை ஊர் ஒன்றில் இருந்தது. நீளமான ஒரே அறை. சுவரோரம் இரண்டு வரிசையாக ரெமிங்டன், கோத்ரெஜ், ஃபாசிட் மெஷின்கள். காலை ஆறு மணிக்கு முதல் பேட்ச், இரவு கடைசி பேட்ச் முடிய ஒன்பதாகும். முதல் நாள் இடது கையை asdf வரிசையில் வைக்கச் சொன்ன மாஸ்டர், தமிழுக்கு வந்தபோது அதே விரல்களை ‘யளனக’ மேல் வைத்தார். “கீயைப் பார்க்காதே தம்பி, பேப்பரைப் பாரு. விரலுக்குத் தெரியும்” என்பார். ஒரு மாதம் வரைக்கும் விரலுக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒருநாள் தெரிந்துவிடும்.

அவர் சொல்லித்தரும் விதத்தை எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதிவைக்க முடியாது. நமக்கு முதுகைக் காட்டியபடி எதிர் மேஜையில் ரிப்பன் மாற்றிக்கொண்டிருப்பார். பத்துப் பன்னிரண்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் தடதடத்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்குள் ஒரு மெஷினின் தாளம் மட்டும் நொண்டுவது அவர் காதில் விழுந்துவிடும். “நாலாம் மெஷின், இடது சுண்டுவிரல் தூங்குது” என்பார். திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். வகுப்பு முடிந்ததும் தாளை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். கையால் அடிக்கும் மெஷினில் ஒவ்வொரு விரலின் பலமும் அப்படியே தாளில் பதிந்துவிடும். சுண்டுவிரல் அடித்த a மங்கலாக இருக்கும், ஆள்காட்டி விரல் அடித்த f கருத்திருக்கும். சிலர் o அடித்த இடத்திலெல்லாம் தாள் வட்டமாகக் கிழிந்து வெளிச்சம் தெரியும். முற்றுப்புள்ளி வைத்த இடத்தில் ஊசித் துளை விழுந்திருக்கும். அந்தத் தாளைப் படித்துவிட்டு, “நாளைக்கு உனக்கு ஸ்பீடு கிடையாது, ஒரு வாரம் a மட்டும் அடி” என்று அனுப்பிவைப்பார். ஆளுக்கு ஆள் வேறு மருந்து. அறுபது பேர் இருக்கும் வகுப்பறையில் ஓர் ஆசிரியரால் இப்படி விரல் விரலாகக் கவனிக்க முடியாது. அந்த அவகாசம் தனி மாஸ்டருக்குத்தான் வாய்க்கும்.

அவருக்கு அந்தக் கவனம் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சான்றிதழ் அவர் கையில் இல்லை. பிப்ரவரியிலோ ஆகஸ்டிலோ, எங்கோ ஒரு பாலிடெக்னிக்கில், அவருக்கு முகம் தெரியாத ஒருவர் விடைத்தாளைத் திருத்துவார். பிள்ளை தேறாவிட்டால் அவர் மழுப்ப முடியாது. அதே தெருவில் குடியிருக்கும் அப்பாவின் முகத்தில் டீக்கடையில் விழித்தாக வேண்டும். “என்ன மாஸ்டர், பாப்பா இப்படி ஃபெயிலாயிடுச்சே?” என்று ஒருவர் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். “சுண்டுவிரல் இன்னும் பழகலைங்க. தை மாசம் வரைக்கும் அனுப்பிவைங்க. ஃபீஸ் தர வேண்டாம்” என்றார். வீட்டுக் கஷ்டம் தெரிந்த மாஸ்டர் இப்படிச் சொல்வது பெரிய தியாகமாகப் பேசப்படவில்லை. அடுத்த பேட்சுக்குப் பிள்ளைகள் வரவேண்டுமென்றால் இந்தப் பிள்ளை தேறியாக வேண்டும். பரிவும் பிழைப்பும் ஒரே திசையில் போகும்படி அமைந்திருந்தது அந்தத் தொழில்.

ஆனால் பத்துப் பன்னிரண்டு மெஷின் வைத்திருக்கும் ஒருவரால் தனியாக எவ்வளவு தூரம் போக முடியும்? சங்கம் அங்கேதான் வருகிறது. வாழ்த்துப் பேனர் வைப்பதற்கும் ஆண்டுவிழா நடத்துவதற்கும் மட்டுமே சங்கம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை தட்டச்சுத் தேர்வு நாளைப் பார்க்க வேண்டும். தேர்வு மையத்துக்குப் பிள்ளைகள் மட்டும் போனால் போதாது. மெஷின்களும் போக வேண்டும். முதல்நாளே சின்ன வேனில், ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கச் சாக்கும் பழைய போர்வையும் திணித்து ஏற்றுவார்கள். மாடி ஹால் என்றால் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். ஸ்டாண்டர்டு மெஷினைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கனம் தெரியும். எந்த மேஜையில் யார் மெஷின் என்று இன்ஸ்டிட்யூட்காரர்கள் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். மெக்கானிக் ஸ்குரூடிரைவரோடு வெளியே காத்திருப்பார். ஸ்பீடு தேர்வு பத்தே நிமிஷம். லோயருக்கு அதற்குள் 1,500 முறை தட்டியாக வேண்டும். மணி அடித்த கணத்தில் ஹால் முழுக்க ஒரேயடியாக எழும் அந்தச் சத்தத்தில் பயந்து போய் முதல் வரியைத் தவறவிடும் பிள்ளைகள் உண்டு. அதற்காகவே எங்கள் மாஸ்டர், தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து இன்ஸ்டிட்யூட் பிள்ளைகளையும் வரவழைத்து எல்லோரையும் சேர்த்து அடிக்கவிடுவார்.

அந்தப் பக்கத்து இன்ஸ்டிட்யூட் அவருக்குப் போட்டிதான். ஃபீஸில் ஐந்து ரூபாய் குறைத்து போர்டு வைத்துவிட்டார்கள் என்று இருவருக்கும் பேச்சே நின்றுபோயிருந்த காலமும் உண்டு. ஆனாலும் நான் தேர்வு எழுதிய அன்று காலை, எங்கள் மெஷின் ஒன்றில் வண்டியை இழுக்கும் நாடா அறுந்துவிட்டது. அந்த மெஷினில் உட்கார வேண்டிய பெண்ணின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. போட்டிக்காரர் ஒன்றும் பேசாமல் தன்னுடைய உபரி மெஷினைக் கொண்டுவந்து அந்த மேஜையில் வைத்தார். மார்ஜினை அவரே சரிசெய்தார். “ஒரு வரி அடிச்சுப் பாரும்மா, ஷிஃப்ட் கொஞ்சம் இறுக்கமா இருக்கும்” என்றார். அது சங்கத்தில் எழுதப்படாத விதி. கடையில் போட்டி, தேர்வு ஹாலில் எல்லாப் பிள்ளையும் எல்லோருடைய பிள்ளை.

கோத்ரெஜ் 1955இல் இந்தியாவிலேயே தட்டச்சுப் பொறி தயாரிக்கத் தொடங்கியது. அந்த உற்பத்தி நின்றுபோனது 2011இல் உலகப் பத்திரிகைகள் வரை செய்தியானது. அதற்குப் பிறகும் இங்கே கையால் அடிக்கும் மெஷின்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தேர்வு எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். புது மெஷின் வராது. ஒரு மெஷினைக் கழற்றி இன்னொன்றுக்குப் பாகம் போட வேண்டும். எந்த ஊரில் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக் இன்னும் தொழிலை விடவில்லை என்ற விவரமெல்லாம் மாஸ்டர்களின் பேச்சு வழியாகத்தான் ஊர் ஊராகப் போய்ச் சேருகிறது.

சில கலைகளைத் தனியே கற்கவே முடியாது. சுருக்கெழுத்து அப்படிப்பட்டது. முதுநிலைத் தேர்வில் நிமிஷத்துக்கு 120 வார்த்தை வேகத்தில் வாசிப்பார்கள். வீட்டில் பழக வேண்டுமென்றால், கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு அந்த வேகத்தில் திணறாமல் வாசிக்க ஓர் ஆள் வேண்டும். எந்த அம்மாவுக்கும் அக்காவுக்கும் அது முடியாது. ஆகவே சுருக்கெழுத்தாளர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். சென்னை தி.நகரில் உள்ள ஸ்டெனோகிராபர்ஸ் கில்டு சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கப்பட்டது. தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்காக அமைத்துக்கொண்ட அமைப்பு, தொழிலுக்கு வரப்போகிறவர்களுக்கும் வகுப்பு நடத்துகிறது.

சதுரங்கமும் அப்படித்தான். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மேனுவல் ஆரோன், 1972இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். அங்கே சிறுவன் விஸ்வநாதன் ஆனந்துக்குப் பாடத்தைவிட அதிகமாகக் கிடைத்தது எதிராளிகள். பிளிட்ஸ் ஆட்டத்தில் ஜெயித்தவர் பலகையை விட்டு எழ வேண்டாம், தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம்விட வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே இருக்க ஆசைப்படும் சிறுவன் வேகமாக யோசிக்கக் கற்றுக்கொள்வான். 1988இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதற்கு இருபது வருஷம் கழித்து, அவரைப் போல் கிராண்ட்மாஸ்டரான ஆர்.பி. ரமேஷ் 2008இல் சென்னையில் செஸ் குருகுலம் தொடங்கினார். பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் அவரிடம் படித்தவர்கள். எத்தனை பெரிய கோச்சானாலும் தன் மாணவருக்கு ஒரு ரேட்டிங் புள்ளியைக்கூட அவரால் கொடுக்க முடியாது. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2500 ரேட்டிங்கும் போட்டிகளில் எடுத்த நார்ம்களும் வேண்டும். அதை உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே கணக்குப் பார்க்கும். சந்து மாடி மாஸ்டருக்கு உள்ள அதே கட்டுப்பாடு இவர்களுக்கும் உண்டு.

தட்சிண பாரத இந்திப் பிரச்சார சபையைக்கூட இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். 1918இல் தொடங்கிய சபை பிராத்மிக்கிலிருந்து பிரவீண் வரை தேர்வு வைக்கிறது. சொல்லித்தருகிறவர்கள் அவரவர் வீட்டுத் திண்ணையில், கூடத்தில் வகுப்பெடுக்கும் பிரச்சாரக்குகள். அரசியலைத் தள்ளிவைத்துவிட்டு, விரும்பிச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அந்த மொழி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் பார்த்தால், தட்டச்சு பரவிய அதே வழிதான். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் ஓவியம், தையல், இசைத் தேர்வுகளுக்கும் பிள்ளைகளைத் தயார்செய்வதில் பெரும்பங்கு தனி ஆசிரியர்களுடையது.

இதையெல்லாம் நான் இப்போது எழுதக் காரணம் கார் ஓட்டக் கற்கும் விஷயம். டிரைவிங் ஸ்கூலில் கற்று, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்குவதுதான் நம் வழக்கம். அங்கே நடக்கும் குளறுபடிகள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கற்பிப்பவரும் சோதிப்பவரும் வேறு வேறு என்ற அடிப்படையாவது சரியாக இருந்தது. 2021 ஜூலை 1 முதல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் தேறியவர்கள் ஆர்.டி.ஓ.வில் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. மையத்துக்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. சிமுலேட்டர் வேண்டும், தனி ஓட்டுத்தடம் வேண்டும். அதெல்லாம் நல்லதுதான். என் மறுப்பு வேறு. ஃபீஸ் வாங்குகிறவரே தேறிவிட்டாய் என்று சொல்லும் இடத்தில், மாணவரைத் தேறவைக்காமல் அனுப்புவது வியாபாரத்துக்கு நஷ்டம். அந்த இடத்தில் யார் உட்கார்ந்தாலும், நல்ல மனிதராகவே இருந்தாலும், கை கொஞ்சம் தளரும். ஓட்டுநரின் கை தளர்ந்தால் சாலையில் போகிற நம் உயிருக்கு ஆபத்து. விதியை எழுதியவர்கள் கற்பித்தலை உயர்த்தப் பார்த்தார்கள், அதற்காகச் சோதனையைக் கைவிட்டது தவறு என்றே நினைக்கிறேன்.

குறுகியகாலத் திறன் பயிற்சிகளிலும் கற்பிப்பவர் வேறு, சோதிப்பவர் வேறு என்ற இந்தப் பிரிவினை கறாராக இருந்தாக வேண்டும். சேர்ந்தவர்களின் தலையை எண்ணிப் பணம் கொடுக்கும் எந்தத் திட்டத்திலும், தலைகளைச் சேர்ப்பதுதான் தொழிலாகிவிடும்.

செல்போன் ரிப்பேர், டூ வீலர் மெக்கானிக், ஏ.சி. சர்வீஸ், பிளவுஸ் கட்டிங் எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரிலேயே கைதேர்ந்த மாஸ்டர்கள் இருக்கிறார்கள். கடையின் பின்பக்கம் இரண்டு மூன்று பிள்ளைகளை வைத்துக் கற்றுக்கொடுத்தபடிதான் இருக்கிறார்கள். அரசு இவர்களுக்குப் பாடம் எழுதித்தர வேண்டாம், கட்டடம் கட்டித்தர வேண்டாம். தட்டச்சுக்குச் செய்ததைச் செய்தால் போதும். வருஷத்துக்கு இரண்டு முறை, சனி ஞாயிறுகளில், ஐ.டி.ஐ. பட்டறைகளைத் திறந்துவிட்டு, அந்தப் பிள்ளைகளுக்குக் கறாராக ஒரு செய்முறைத் தேர்வு வைக்கட்டும். யாரிடம் கற்றாய் என்று கேட்கக் கூடாது, செய்துகாட்டச் சொல்ல வேண்டும். மெக்கானிக் சங்கங்களும் தையல்காரர் சங்கங்களும் ஏற்கெனவே ஊருக்கு ஊர் இருக்கின்றன. தேர்வு நாளில் கருவிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வர அவர்களால் முடியும்.