அச்சத்திற்கு வண்ணம் தீட்டுதல்

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாக அச்சத்தையும் வைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கும் அதன் நிலைக்களன்கள் என்றார். தேர்வுக்காக மனப்பாடம் செய்த இச்செய்தி, இரப்பர் முகமூடி ஒன்றுக்கு வண்ணம் தீட்ட அமர்ந்தபோது புதுப்பொருள் தந்தது. அணங்கு எவ்வாறு அணங்காகிறது? வடிவத்தாலா, வண்ணத்தாலா?

அமெரிக்க நாட்டில் அக்டோபர் 31ஆம் நாள் ‘ஹாலோவீன்’ விழா. பேய் முகமூடி அணிதல் அங்கே பெருவழக்கு. அங்குப் பணிபுரியும் என் மைத்துனர், வண்ணம் தீட்டாத வெற்று முகமூடி ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். சுருக்கமும் பிளந்த வாயும் கொண்டிருந்தும், பால்மஞ்சள் நிறத்தில் அது எவரையும் அச்சுறுத்தவில்லை. உரித்த பழத்தோல் போலக் கிடந்தது.

இரப்பர் வளைந்து நெளியும் இயல்பினது. வெறும் அக்ரிலிக் வண்ணத்தைப் பூசினால், முகமூடியை அணியும்போது அது வெடித்து உதிரும். ‘எக்சார்சிஸ்ட்’ (1973) படத்தின் ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித், ‘பிராஸ்-எய்டு’ என்னும் ஒட்டுப்பசையுடன் அக்ரிலிக் வண்ணத்தைக் கலந்து இதற்கு வழிகண்டார். அக்கலவை இரப்பரோடு சேர்ந்து நெகிழும். உலர்ந்த பின்னும் பிசுபிசுக்கும் ஆதலால், மேலே முகப்பவுடர் தூவவேண்டும். முகமூடியை முதலில் சோப்பு நீரால் கழுவி உலர்த்துவதும் இன்றியமையாதது.

அடிவண்ணம் உலர்ந்தபின், நீர்க்கக் கரைத்த கருமையான வண்ணத்தை முழுதும் பூசி, ஈரத்துணியால் துடைத்தேன். மேடுகள் வெளுத்தன, பள்ளங்களில் இருள் தங்கியது. பின்னர், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் நெற்றிமேட்டிலும் கன்ன எலும்பிலும் வெளிர்நிறத்தை மெல்லத் தேய்த்தேன். ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றித் தோலின் திட்டுக்களை உண்டாக்கினேன். பழத்தோல் முகமாயிற்று.

வண்ணத்தை நீக்கியும் அச்சத்தைப் படைக்கலாம். 1978இல் வெளிவந்த ‘ஹாலோவீன்’ திரைப்படத்தில் கொலைஞன் அணிவது, நடிகர் வில்லியம் ஷாட்னரின் சாயலில் வார்த்த, கடையில் வாங்கிய முகமூடியே. அதன் கண்துளைகளைப் பெரிதாக்கி, முகத்துக்கு வெள்ளை பூசினர். உணர்ச்சியற்ற அவ்வெண்மையே நடுங்கவைத்தது.

என் முகமூடியில் கண்ணடி நிழல்தான் எனக்கு வசப்படவில்லை. கறுப்பு பொய்யாகத் தெரிந்தது. உண்மை நிறம் அறிய, மாலை வெயிலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் அன்னையின் முகத்தைத் தூரிகையோடு உற்று நோக்கினேன்.

“ஏன்டா, உன் பேய்க்கு என் முகந்தான் கிடைத்ததா?” என்று நகைத்தார்.

கண்ணடியில் நீலம் கலந்த பழுப்பு, சரி. ஆனால் இதழிலும் கீழிமையின் உட்புறத்திலும் இருக்கவேண்டிய சிவப்பைக் காணவில்லை. செந்நிறக் குழம்பைத் தொட வேண்டாத முகம்! மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். கடுமையான இரத்தச்சோகை என்றார். சில திங்கள் மருந்துண்டபின் இதழ்கள் மெல்லச் சிவந்தன.

அன்று எனக்குண்டான அச்சத்தைத் தொல்காப்பியரின் நான்கில் எதனுள் அடக்குவது என இன்றுவரை தெரியவில்லை. இரப்பரை வெயில் அரிக்குமாதலால் முகமூடியை நிழலில் வைத்துள்ளேன். பொழுதுபோக்கென ஒரு தூரிகையை எடுக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: நிறம் தேடும்போது, உங்கள் வீட்டு முகங்களிலிருந்து தொடங்குங்கள்.